தாம்பரம் முதல் பீச் வரை: நான் படித்த இடத்தை மகளுக்குக் காட்டப் போனது

போன பதிவின் கீழே ஒருவர், "ஐயா, உங்கள் எழுத்தில் பயணம் குறைவு, புலம்பல் அதிகம். மலை, கடல் ஏதாவது எழுதலாமே" என்று கருத்து போட்டிருந்தார். அவருக்கு இதுதான் பதில். இந்தப் பதிவில் மலை என்றால் பரங்கிமலை ரயில் நிலையம், கடல் என்றால் பீச் ரயில் நிலையம். புலம்பலைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஒரு காலத்தில் படித்த ஊருக்குப் பிள்ளைகளைக் காரில் அழைத்துக்கொண்டு போகலாமா, எப்படிப் போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் ஒரு முறை போயிருக்கிறேன். 1996 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சியிலிருந்து தாம்பரம். என் மகள் வளர்மதிக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தகரப் பெட்டி, மெத்தை, பிளாஸ்டிக் வாளி, அவள் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டின் எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக்கு ஒரு அம்பாசிடர் பேசினோம். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய், டிரைவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் பேட்டா. டிரைவர் மன்சூர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் மனைவி வரவில்லை. மகளைப் பிரிந்து திரும்பி வருவதைக் காரில் உட்கார்ந்து அழுதுகொண்டே செய்ய முடியாது, வீட்டிலேயே அழுதுகொள்கிறேன் என்றாள். அது நியாயம்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழி. தாம்பரம் வரை சுமார் 215 கிலோமீட்டர். அன்று அது இரண்டு வண்டி ஒதுங்கிப் போகும் சாலை. முன்னால் ஒரு செங்கல் லாரி போனால் அதன் பின்னாலேயே அரை மணி நேரம் தூசியைத் தின்றுகொண்டு போக வேண்டும். இன்று நான்கு வழிச் சாலை என்கிறார்கள். இருக்கட்டும்.

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கேதான் இந்தப் பயணம் திசை மாறியது. மன்சூர் டீயை ஆற்றிக்கொண்டே நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"பாப்பா பெரிய காலேஜுக்குப் போவுது. சார் நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து வளர்மதி சொன்னாள்: "அப்பா படிக்கலண்ணா. எட்டாவதோட நின்னுட்டாரு."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கேலியாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

"நான் படிச்சிருக்கேன்" என்றேன்.

"எங்கப்பா?"

"தாம்பரத்துல."

"எந்த ஸ்கூல்ல?"

"நாளைக்குக் காலைல காட்டறேன்."

மன்சூர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கப் போய்விட்டார். விடுதியில் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் சேர்த்தால் போதும். அன்று மாலையே சேர்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். மாற்றினேன். இரவு தாம்பரத்தில் தங்கி, காலையில் அவளை நான் படித்த இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் விடுதி. படிக்காதவனின் மகள் என்ற எண்ணத்தோடு அவள் அந்த வாசலில் காலெடுத்து வைக்கக் கூடாது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் எங்கே படித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1983இல் ஊரில் விவசாயக் கூலியை நம்பி மூன்று வயிற்றைக் கழுவ முடியாமல் மதராஸுக்குப் போனேன். பாரிமுனைக்குப் பக்கத்தில் நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கும் வேலை. அஸ்தினாபுரத்தில் ஆறு பேரோடு ஓர் அறை. பக்கத்து நிலையம் குரோம்பேட்டை. அங்கே ஏறினால் காலையில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் முதலில் தாம்பரத்துக்குப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து கிளம்பும் வண்டியில் ஏறி வருவார்கள். நானும் அப்படிப் பின்னோக்கிப் போனவன்தான். ஆனால் உட்கார இடம் பிடிக்க அல்ல. தாம்பரத்தில் பாடம் தொடங்கிவிடும்.

காலை எட்டு பன்னிரண்டு வண்டி. முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. அன்று எல்லாப் பெட்டிகளிலும் 'செட்டு' உண்டு. சீட்டாடும் செட்டு, பஜனை செட்டு, கட்சி பேசும் செட்டு. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, ஜன்னல் கம்பிக்கெல்லாம் சந்தனம் வைப்பார்கள். எங்கள் செட்டில் பொரி பங்கிடுகிறவர் தேவசகாயம் சார். கடப்பேரிக்காரர். பூஜையின்போது தள்ளி நிற்பார், பொரி வந்ததும் முன்னால் வருவார். பீச் அருகே ஒரு கணக்கு அலுவலகத்தில் எழுத்தர். ஜன்னலோர இடம் எப்போதும் அவருடையது. அவருக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

பாடத்துக்கு நிலையங்கள்தான் மணி. தாம்பரத்தில் வண்டி நகர்ந்ததும் ஆங்கிலக் கடிதம். அலுவலகக் கடிதத்தை எப்படித் தொடங்குவது, எப்படி மறுப்பது, எப்படி நினைவூட்டுவது. பல்லாவரம் வந்தால் கடிதம் முடிந்தது, கணக்கு. சதவீதம், வட்டி, விகிதம். கிண்டி தாண்டினால் அலுவலக விதிகள்: ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு. எனக்கு ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. ஆனால் விடுப்பு விதிகள் எனக்கு அத்துப்படி. எழும்பூரிலிருந்து பீச் வரை கேள்வி நேரம். சார் கேட்பார், நான் சொல்வேன். மூன்று வருடம் இப்படிப் போனது.

லிஃப்டுக்குள் நாள் முழுக்க மேலும் கீழும் போகும்போது அன்றைய பாடத்தை வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். 1986இல் ஊர்ப்பக்கம் சர்க்கரை ஆலையில் ஆள் எடுத்தார்கள். எடைமேடையில் உதவியாளாகச் சேர்ந்தேன். கரும்புக் கட்டில் தோகையும் மண்ணும் இருந்தால் எடையில் இத்தனை சதவீதம் என்று கழிக்க வேண்டும். அதை எழுத்தர் காகிதத்தில் போட்டு முடிப்பதற்குள் நான் வாயால் சொல்லிவிடுவேன். ஆலைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் நான்தான், கையெழுத்து வேறொருவருடையது. அப்படித்தான் மேற்பார்வையாளர் ஆனேன். அதற்கு மேலே போக விடவில்லை. "சர்டிபிகேட் இல்லையேப்பா" என்றார்கள். அந்த வார்த்தையை ஓய்வு பெறும்வரை கேட்டேன்.

1986இல் நான் கிளம்பிய கடைசி நாள் பீச் நிலையத்தில் தேவசகாயம் சார் கை குலுக்கினார். அதைப் பட்டமளிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது பயணத்துக்கு வருவோம். பிற்பகல் ஒன்றரைக்குத் தாம்பரம் வந்து சேர்ந்தோம். மேற்குப் பக்கம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் இரட்டை அறை நூற்று இருபது ரூபாய். ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மன்சூர் காரிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாலையில் வளர்மதியை அஸ்தினாபுரத்துக்கு அழைத்துப் போனேன். நாங்கள் ஆறு பேர் இருந்த அறை நின்ற இடத்தில் மாடி வீடு. வாசலில் ஒரு அம்மா கோலமாவு டப்பாவோடு நின்று, யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொன்னேன். பக்கத்துக் கிணறு மட்டும் இருந்தது. அதன் வாயைச் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள்.

"இங்கயாப்பா படிச்ச?"

"இங்க தூங்கினேன். படிச்சது வேற இடம்."

அவள் கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம் ஆவல் வந்திருந்தது என்பதைக் கவனித்தேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அது ஒன்றுதான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் காலை ஏழரைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். பீச்சுக்கு இரண்டு டிக்கெட், திரும்பி வர இரண்டு டிக்கெட். எட்டு பன்னிரண்டு வண்டியின் நேரம் எட்டு ஐந்து ஆகியிருந்தது. முன்னதாகப் போனதால் தப்பித்தோம். பயணம் போகிறவர்கள் கவனிக்கவும்: பத்து வருடத்துக்கு முந்தைய ரயில் நேரத்தை நம்பாதீர்கள்.

"ஸ்கூலுக்கு ரயில்ல போகணுமா?" என்றாள்.

"ரயில்தான் ஸ்கூல்."

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது பெட்டி. அதே மீட்டர்கேஜ் வண்டி, அதே மரப் பலகை இருக்கை. ஜன்னலோரத்தில் தேவசகாயம் சார். தலை முழுக்க வெள்ளை. எதிரும் புதிருமாக நான்கு பேர் முழங்காலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து, நடுவில் ஒரு பிரீஃப்கேஸைப் படுக்க வைத்து, அதன்மேல் துண்டை விரித்துச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார்" என்றேன்.

"எடம் இல்லபா. அப்டி ஓரமா நில்லு" என்றார், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சார், நான் லிஃப்ட்."

செட்டில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. லிஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் ஆனது.

"அடப்பாவி. கள்ளக்குறிச்சியா? இன்னாபா முடியெல்லாம் எங்க வுட்ட?"

"அங்கங்க சார்."

"இது யாரு?"

"என் பொண்ணு. இங்க காலேஜ்ல சேரப் போறா."

"சேரும்மா, சேரு. நல்லா படி. உங்கப்பன மாதிரி வண்டில நின்னுகினே போவாத, இன்னா?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். வளர்மதியும் மரியாதைக்குச் சிரித்தாள். சானடோரியம் வந்து போனது. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி எங்களை நெருக்கியது. இனி நேரம் இல்லை என்று தோன்றியது. நேராகக் கேட்டுவிட்டேன்.

"சார், நீங்க எனக்குப் பாடம் எடுத்தீங்களே, அத இவகிட்டச் சொல்லுங்க. இவ நம்ப மாட்டேங்கறா."

"பாடமா? நானா?"

எதிரே இருந்த வழுக்கைத் தலைக்காரர் சீட்டைக் குத்தி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தேவா வாத்தியாரா? இன்னா சார் சொல்ற? இவரு பாயின்ட்டையே நாங்கதான் எண்ணிக் குடுக்கறோம்."

"யோவ், சும்மா இரு" என்றார் தேவசகாயம் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "பாடம் இல்லபா அது. டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படிச்சிகினு இருந்தேன். எனக்கு வாய்விட்டுச் சொன்னாத்தான் மண்டைல ஏறும். வூட்ல சொன்னா பசங்க சிரிக்கும். ஆபீஸ்ல சொன்னா போட்டிக்காரன் கேட்டுடுவான். நீ ஒருத்தன்தான் மூஞ்சியப் பாத்துகினு நிப்ப. அதான் உன்னாண்ட சொல்லிகினு வந்தேன்."

"எழும்பூர் தாண்டினதும் கேள்வி கேப்பீங்களே சார்."

"கேள்வியா..." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு மறந்துடும்பா. உன்னாண்ட கேப்பேன். நீ கரீட்டா சொல்லுவ. அவ்ளோதான்."

பல்லாவரத்தில் வண்டி நின்று கிளம்பியது. கடிதம் முடிந்து கணக்கு தொடங்க வேண்டிய இடம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதே இடத்தில்.

"பாஸ் பண்ணீங்களா சார்?"

அவர் கையிலிருந்த சீட்டுகளை விரித்தார். வழுக்கைத் தலைக்காரர் சொன்னார்: "மூணு வாட்டி எழுதினாரு. மூணு வாட்டியும் ஊத்திகிச்சு. அப்பறம்தான் எங்க செட்டுக்கு வந்தாரு. இங்கயும் ஊத்திகினுதான் கீது." மறுபடி சிரிப்பு. "போடு தேவா, கிண்டி வந்துடப் போவுது."

தேவசகாயம் சார் ஒரு சீட்டைப் போட்டார்.

வளர்மதி என் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். "எறங்கிடலாம்பா."

"பீச் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்."

"அதுக்கில்லப்பா..."

"பீச் வரைக்கும்."

படிக்கிற சிலர் இந்த இடத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும் என்பார்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள், இன்னும் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கவில்லை என்பது அவர் விஷயம். நான் கற்றுக்கொண்டேன் என்பது என் விஷயம். இரண்டாவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதைச் சாட்சி இல்லாமலே நிரூபிக்க என்னால் முடியும். கிண்டி தாண்டியதும் ஆரம்பித்தேன்.

ஈட்டிய விடுப்பு என்றால் என்ன, எப்படிச் சேரும், எவ்வளவுக்கு மேல் சேராது, மருத்துவ விடுப்போடு எப்படி இணைக்கலாம், எப்போது இணைக்கக் கூடாது. மூன்று வருடம் கேட்ட அதே வரிசையில், அதே வார்த்தைகளில், வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன். பத்து வருடத்தில் ஒரு வார்த்தை உதிரவில்லை. சைதாப்பேட்டை போனது. பெட்டியில் தலைகள் திரும்பின.

கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னா விக்கறாரு?"

"பல்பொடியா இருக்கும்."

"காட்டவே மாட்டேன்றாரே, இன்னா வெலைன்னு கேளு."

மாம்பலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. வழி கிடைத்ததும் வளர்மதி என்னை விட்டு விலகிப் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். முதுகைத்தான் காட்டினாள். யாரோ ஒருத்தருடன் வந்தவள்போல இல்லாமல், தனியாகக் கல்லூரிக்குப் போகும் பெண்போல நின்றாள். நான் நிறுத்தவில்லை. நுங்கம்பாக்கம் வரை சம்பளமில்லா விடுப்பு.

சேத்துப்பட்டில் தேவசகாயம் சார் கையிலிருந்த சீட்டுகளை மூடித் துண்டின்மேல் வைத்தார்.

"நிறுத்துபா" என்றார். "வேணாம். எனக்கு அதெல்லாம் கேக்க முடியல. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறேன். சேந்த சீட்லயே ரிட்டயர் ஆறேன். நீ பாஸ் பண்ணிட்ட, நான் பண்ணல. போதுமா? போய் உன் பொண்ணாண்ட அத சொல்லிக்கோ."

நான் கேட்க வந்தது அதுதான். கேட்டும் விட்டேன். ஆனால் கேட்க வேண்டியவள் கதவோரத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், காற்று அவள் காதை அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஒரு முறை சொல்லுங்கள் என்று அந்த மனிதரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழும்பூர் வந்தது. கேள்வி நேரம். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பூங்கா நிலையம், கோட்டை, பீச். இறங்கும்போது அவர் கை குலுக்கவில்லை. பிரீஃப்கேஸைத் தட்டித் துண்டை உதறிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார்.

திரும்பும் வண்டி காலியாக இருந்தது. வளர்மதி எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். பரங்கிமலை வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு நான்தான் சொன்னேன்.

"சேத்துப்பட்டுல சார் சொன்னாரு."

"என்னப்பா?"

"நான் பாஸ் பண்ணிட்டேன்னு."

"சரிப்பா" என்றாள்.

அந்தச் சரிப்பாவைப் பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் இருப்பவரிடம் சொல்வது அது.

பதினொன்றரைக்கு விடுதி. மன்சூர் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார், நான் பெட்டியைத் தூக்கினேன். வார்டன் அம்மாள் நல்லவர். வெயிலில் வந்தோம் என்று முதலில் தண்ணீர் கொடுத்தார். பெயர், ஊர், அவசரத்துக்குக் கூப்பிட யார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "அப்பா எது வரைக்கும் படிச்சிருக்கார்?" என்று கேட்டார்.

டீக்கடையில் முந்திக்கொண்டு சொன்னவள் இப்போது சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதிலை எனக்கு விட்டுவிட்டாள். அது இரக்கமா, பயமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பீச் வரைக்கும்" என்றேன்.

வார்டன் அம்மாள் பேனாவோடு நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும், மேடம்."

அவர் வளர்மதியைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தாமல், "எட்டாவது மேடம்" என்றாள்.

எட்டாவது என்று எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால் எனக்கு மறுத்துப் பேச இடமும் இல்லை. கையெழுத்துக் கேட்டார், ஆங்கிலத்தில் போட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செலவு: கார் போக வர சுமார் ஆயிரத்து முந்நூறு ரூபாய், பேட்டா நூறு, லாட்ஜ் நூற்று இருபது, ரயில், சாப்பாடு தனி. இதெல்லாம் 1996 விலை, இன்று உதவாது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், பயணக் கட்டுரையில் எழுத வேண்டும் என்கிறார்கள். அந்த மீட்டர்கேஜ் தண்டவாளத்தையே பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகவே நான் படித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்க முடியாது. இன்றைய வண்டியில் மூன்றாவது பெட்டியில் ஏறினால் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரியில் படித்தவர்கள் தாராளமாகப் போகலாம். உங்களுக்குக் கட்டடம் இருக்கும், வாசலில் பெயர்ப்பலகை இருக்கும், அதன் முன்னால் நின்று பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் போக வேண்டாம். அப்படியே போனாலும் தனியாகப் போங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரைத் தேடாதீர்கள். அவருக்கு அது வேறு ஏதாவதாக இருந்திருக்கும்.

வளர்மதி பிறகு மேலே மேலே படித்தாள். இன்று அவளே ஒரு கல்லூரியில் வகுப்பு எடுக்கிறாள். தன் தந்தை எட்டாவது படித்தவர், எவ்வளவு கஷ்டப்பட்டுத் தன்னைப் படிக்க வைத்தார் என்று மேடையில் பேசுவாள், கை தட்டுவார்கள். நானும் ஒரு முறை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவள் பாசத்தில்தான் பேசுகிறாள், குறை சொல்ல முடியாது. கை தட்டுகிறவர்கள் மத்தியில் எழுந்து நின்று ஈட்டிய விடுப்பு பற்றிச் சொல்ல முடியாது.

அன்று பகல் ஒரு மணிக்கு நானும் மன்சூரும் திரும்பினோம். பின் இருக்கை காலி. பெருங்களத்தூரில் மன்சூர் கேட்டார்.

"படிச்ச எடத்தப் பாப்பாவுக்குக் காட்டினீங்களா சார்?"

"காட்டினேன்."

"இன்னா சொல்லுச்சு?"

"சரின்னு சொன்னா."

"அப்பச் சரி" என்று அவர் நிம்மதியாகக் கியரை மாற்றினார்.

அந்தச் சாலையில் இடது பக்கமோ வலது பக்கமோ ரயில் பாதை கூடவே வரும். வண்டலூர் வந்தது. பழக்கத்தில் வாய்க்குள் பாடத்தைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஊரப்பாக்கம் நிலையத்தின் பலகை தெரிந்தது, நகர்ந்து போனது. அதற்கும் ஒன்றும் இல்லை. நான் படித்ததெல்லாம் தாம்பரத்திலிருந்து எதிர்ப்பக்கம். வீட்டுக்குப் போகிற பக்கத்துக்கு எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.